சிப்பாய்கள் முகாமில்தான் இருக்கிறார்கள்

வாஷிங்டன்
1877 பிப்ரவரி 12

அன்பு மருமகள் டெல்ஃபினுக்கும் மாப்பிள்ளை ப்ராஸ்பருக்கும் மாமா எராஸ்மஸ் எழுதுவது.

நான் சுகம். எனக்கு ஒரு தும்மல் வந்தால்கூட இந்த நாட்டின் காரியம் அரை நாள் தடைப்படும் என்கிற நிலைமையில், சுகமாக இருப்பதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நவம்பரில் ஜனாதிபதித் தேர்தல் நடந்தது. நமக்கு அடிமைத்தளையிலிருந்து விடுதலை கொடுத்த கட்சியின் ஆள் தான்தான் ஜனாதிபதி என்கிறார். தெற்கத்தி ஆட்களின் கட்சிக்காரரும் தான்தான் என்கிறார். மணமேடை ஒன்று, மாப்பிள்ளை இரண்டு. தாலி யார் கையில் என்றால், உங்கள் லூசியானாவின் கையிலும் இன்னும் இரண்டு மாநிலங்களின் கையிலும். அந்த ஓட்டுகள் யார் கணக்கில் விழும் என்று காங்கிரஸ் சபையில் சண்டை. சபையில் போடுவது ஊருக்குக் காட்டுகிற சண்டை. நிஜப் பேச்சு எங்கள் ஹோட்டலின் மேல்மாடித் தனியறையில் நடக்கிறது. அந்த அறைக்குப் பரிமாறுகிறவன் யார்? உன் மாமன்.

எங்கள் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. கையில் துண்டு, கண் சுவரில். தனியறைப் பரிசாரகன் சுவரோடு சுவர். சுவர் முன்னால் யார்தான் வாயைக் கட்டுவார்கள்? அதனால் எல்லாம் பேசுகிறார்கள். ஆனால் இந்தச் சுவரின் மதிப்பு அவர்களுக்கும் தெரியும். நேற்று ஒரு செனட்டர் ஆமைச் சூப்பை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பி, "எராஸ்மஸ், நீ என்னய்யா சொல்றே?" என்று கேட்டார். "சிப்பாய்ங்கள வாபஸ் வாங்கினா சூப்பு ஆறிப்போகும், ஐயா" என்றேன். மேஜையே கப்சிப்.

ஆகவே மாப்பிள்ளை தைரியமாக இருக்கட்டும். கமிட்டி முன்னால் அவர் சொன்ன சாட்சியம் இங்கே பெரிய பேச்சு. உங்களுக்குக் காவலாக நிற்கிற நீலச் சட்டைச் சிப்பாய்கள் உங்கள் ஊரைவிட்டு நகரமாட்டார்கள். நான் இருக்கிறேன்.

உன் மாமன்,
எராஸ்மஸ் டாலிவர்
(தலைமைப் பரிசாரகர்)


ரெட் ஆற்றங்கரை, லூசியானா
பிப்ரவரி 22

மாமாவுக்கு,

கடிதம் வந்தது. ப்ராஸ்பர் அதை ஞாயிற்றுக்கிழமை மாதாகோயிலில் எல்லோருக்கும் சத்தமாக வாசித்தார். உங்கள் கடிதம் எப்போது வந்தாலும் அப்படித்தான். ஆமைச் சூப்பு வந்த இடத்தில் கிழவர்கள் பெஞ்சைத் தட்டினார்கள். "டாலிவர்னா டாலிவர்தான்யா!" என்று ஒரே கூச்சல். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

நீங்கள் இரண்டாவது பரிசாரகர் என்பது எனக்குத் தெரியும் மாமா. அது பரவாயில்லை. இங்கே நிலைமை என்ன என்று உங்களுக்குச் சரியாகத் தெரியுமா என்பதுதான் என் கவலை.

தேர்தலுக்கு முந்தின வாரம், நம்மவர்கள் ஓட்டுப் போடக்கூடாது என்று, குதிரையில் வந்து ப்ராஸ்பரின் அண்ணன் அனத்தோலைச் சுட்டவர்கள் ஆறு பேர். முகத்தில் துணி கட்டியிருந்தார்கள், ஆனால் குதிரைகளுக்குக் கட்டவில்லை. இந்தப் பக்கத்துக் குதிரைகள் முழுவதற்கும் லாடம் அடிக்கிறவர் என் புருஷன். நியூ ஆர்லியன்ஸ் போய், கொலைகளை விசாரிக்கிற கமிட்டி முன்னால் நின்று, குதிரையைச் சொல்லி ஆளைச் சொன்னார். அவர் சொன்ன முதல் பெயர் இந்தப் பக்கத்து வெள்ளைக்காரப் பண்ணையார் கேப்டன் ஹார்கிரேவ். அன்றிலிருந்து இன்றுவரை எங்கள் வேலிக்கம்பியைக்கூட யாரும் தொடவில்லை. காரணம், கோர்ட் வாசலில் கூடாரம் போட்டிருக்கிற பட்டாளம். வேறு எந்தக் காரணமும் இல்லை.

போன செவ்வாய்க்கிழமை ஹார்கிரேவ் எங்கள் பட்டறைக்கே வந்தார். குதிரையைவிட்டு இறங்கவில்லை. தொப்பியைத் தொட்டு மரியாதையாகக் கேட்டார்: "என்ன ப்ராஸ்பர், சௌக்கியமா? வசந்தகாலத்துல இங்கதான இருப்பே?"

"இங்கதான் ஐயா இருப்பேன். வேற எங்க போறது?"

"நல்லது. நானும் இங்கதான் இருப்பேன்."

அவ்வளவுதான். போய்விட்டார்.

ஆற்றில் இப்போது தண்ணீர் இருக்கிறது, படகு வருகிறது. போவதானால் இப்போதே போக வேண்டும். நான் சொன்னால் அவர் கேட்கமாட்டார். "உன் மாமா அந்த அறைக்குள்ளயே நிக்கிறார். ஏதாச்சும் இருந்தா அவர் சொல்லமாட்டாரா?" என்கிறார்.

அம்மா சொன்ன ஒன்றை எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆயிரத்து எண்ணூற்று ஐம்பதாம் வருஷம் இதேபோல் வடக்கும் தெற்கும் மேஜையில் உட்கார்ந்து ஒரு சமாதானம் பேசி, தலைநகரில் இனி அடிமைச் சந்தை கிடையாது என்று முடிவு செய்தார்களாம். அன்று நீங்கள் தெருவில் ஆடினீர்களாம். சந்தையை மூடுவதற்கு முன் வியாபாரி கையிருப்பை எல்லாம் கப்பலேற்றினான். அதில் உங்கள் கூடப்பிறந்தவள், என் அம்மாவும் இருந்தாள். அப்படித்தான் நான் லூசியானாவில் பிறந்தேன்.

சிப்பாய்கள் இருப்பார்களா, போவார்களா? அதை மட்டும் எழுதுங்கள்.

டெல்ஃபின்


வாஷிங்டன்
பிப்ரவரி 27

அருமை மருமகளே, மாப்பிள்ளையே,

முடிந்தது! ஜெயித்தோம்! நேற்று ராத்திரி கனவான்கள் எங்கள் அறையில் கைகுலுக்கினார்கள். நம் ஆள்தான் ஜனாதிபதி. தெற்கத்திக்காரர்கள் சபையில் இனி மல்லுக்கட்டமாட்டார்கள். பதிலுக்கு அவர்களுக்கு ஒரு ரயில்பாதை, ஒரு மந்திரி பதவி, இன்னும் சில்லறை சில்லறையாய் ஏதேதோ. போகட்டும், நாய்க்கு எலும்பு போட்டால்தான் சட்டியை விடும்.

உன் கேள்விக்கு வருகிறேன் டெல்ஃபின். அதை நான் விடுவேனா? சிப்பி வறுவல் கொண்டுபோன நேரம், உங்கள் ஊர்ப்பக்கத்து காங்கிரஸ் கனவான் ஒருவர் வடக்கத்தியாரிடம் அழுத்திக் கேட்டார்: "சிப்பாய்ங்க விஷயம் என்னாச்சு?" நான் தட்டைக் கொஞ்சம் பலமாகவே வைத்தேன், என் அபிப்பிராயம் தெரியட்டும் என்று. வடக்கத்தியார் நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னார்: "ஒரு சிப்பாயைக்கூட மாநிலத்தைவிட்டு வெளியே அனுப்பப்போறதில்ல. முகாமுக்குத் திரும்புவாங்க. அங்கயேதான் இருப்பாங்க."

கேட்டாயா? ஒரு சிப்பாய்கூட! அந்த ஒரு வாக்கியத்துக்காக அவருக்கு நான் வறுத்த வாத்தில் நெஞ்சுக்கறியாகப் பார்த்து வைத்தேன். அவர் கண்ணில் நீர். "நாட்டைக் காப்பாத்திட்டோம் எராஸ்மஸ்" என்றார். "காப்பாத்திட்டோம் ஐயா" என்றேன். கையைக் குலுக்கினார். கனவான் கை, ஆனால் என் கை அளவுக்கு உறுதி போதாது.

மாப்பிள்ளை விதை வாங்கட்டும். இதையும் கோயிலில் வாசிக்கட்டும். வாத்து வருகிற இடத்தை நிறுத்தி வாசிக்கச் சொல்.

எராஸ்மஸ் டாலிவர்


ரெட் ஆற்றங்கரை
மார்ச் 9

மாமாவுக்கு,

வாசித்தார். நிறுத்தி நிறுத்தி வாசித்தார். பாட்டுப் பாடினார்கள். ஒருவர் பாக்கியில்லாமல் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். ப்ராஸ்பர் விதை வாங்கிவிட்டார். மேற்கு வயலை உழுதாகிவிட்டது. மூட்டை கட்டி வைத்திருந்த இரண்டு குடும்பங்கள் மூட்டையைப் பிரித்துவிட்டன, உங்கள் கடிதத்தைக் கேட்டு.

மாமா, எனக்கு ஒரே ஒரு சந்தேகம். அந்த முகாம் எங்கே இருக்கிறது? நான் பட்டாளத்துச் சமையல்காரரைக் கேட்டேன். "முகாமா? நியூ ஆர்லியன்ஸ்ல இருக்கு, ஆத்தோட போனா மூணு நாளு" என்றார். "அங்க போனப்புறம், இங்க எதாச்சும் ஒண்ணுன்னா வருவீங்களா?" என்றேன். அவர் பானையைக் கிளறிக்கொண்டே இருந்தார். அப்புறம், "கூப்பிட்டாத்தான தாயி வரமுடியும்? கூப்பிட வேண்டியவங்கதான் போகச் சொல்றாங்க" என்றார்.

முகாமுக்குத் திரும்புவார்கள் என்றால் கோர்ட் வாசலில் யார் நிற்பார்கள்?

நாளைக்கே அவர்களைக் கேட்டு எழுதுங்கள். நீங்கள் சொன்னதாகச் சொல்கிற வசனம் ஒன்றும் வேண்டாம். அவர்கள் சொன்னது மட்டும்.

டெல்ஃபின்


வாஷிங்டன்
மார்ச் 17

டெல்ஃபின், ப்ராஸ்பர்,

கேட்டேன். கோட்டு மாட்டிவிடும்போது அந்தத் தெற்கத்திக் கனவானைக் கேட்டேன். "ஐயா, சிப்பாய்ங்க இருப்பாங்கதானே?"

அவர் சிரித்தார். "இருப்பாங்க, இருப்பாங்க. முகாமுக்குள்ள உக்காந்து சீட்டாடிக்கிட்டு இருப்பாங்க. வாசல்ல நிக்கமாட்டாங்க, அவ்வளவுதான். உனக்கு ஏன் இந்தக் கவலை?"

எனக்கு அங்கே யாரும் இல்லை என்று சொன்னேன்.

வசந்தம் முடிவதற்குள் எல்லா வாசலிலிருந்தும் எடுத்துவிடுவார்கள். அதுதான் பேரம். ரயில்பாதை, மந்திரி பதவி எல்லாம் அப்புறம். முதலில் இதுதான்.

விதையை விட்டுவிடுங்கள். கிளம்புங்கள். வடக்கே வாருங்கள்.

எராஸ்மஸ்


ரெட் ஆற்றங்கரை
மார்ச் 28

மாமா,

உங்கள் கடிதத்தை அவர் நம்பவில்லை.

என்ன சொல்லி என்ன? இரண்டு தடவை வாசித்தார். அப்புறம் மேஜைமேல் போட்டுவிட்டு, "இது உன் மாமா எழுதினது இல்ல" என்றார்.

"கையெழுத்து அவரோடதுதானே?"

"கையெழுத்தைப் பாக்காதடி, பேச்சைப் பாரு. எங்க சூப்பு? எங்க செனட்டர்? 'தலைமைப் பரிசாரகர்'னுகூடப் போடல! டாலிவர் இப்படி வத்திப்போய் எழுதுவாரா? யாரோ கழுத்துல கத்தி வெச்சு எழுத வெச்சிருக்கான். இல்ல, இங்கேயே எவனோ எழுதியிருக்கான்."

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. சொந்தக்காரர் பெயரில், பாதிரியார் பெயரில் பொய்க் கடிதம் எழுதி நம்மவர்களை மிரட்டி ஊரைவிட்டு ஓட்டுவது இங்கே ஹார்கிரேவ் ஆட்களின் பழக்கம். போன வருஷம் இரண்டு குடும்பம் அப்படி ஓடிப்போய், அவர்கள் நிலத்தில் இப்போது யாருடைய பருத்தி நிற்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். "அந்த வலையில நான் விழமாட்டேன்" என்கிறார். உங்கள் கடிதத்தைக் கோயிலில் வாசிக்கவும் மறுத்துவிட்டார்.

இன்னொன்றும் இருக்கிறது. அதை அவர் சொல்லமாட்டார், நான் சொல்கிறேன். ஓடுவது அவரால் ஆகாது. அண்ணன் பெயரைச் சொல்லிச் சபையில் நின்ற மனுஷன் ராத்திரியோடு ராத்திரியாகப் படகேறினால், சொன்னது பொய் என்று ஹார்கிரேவே சொல்லிக்கொள்ளலாம். துரத்தினால் போகமாட்டார் மாமா. கூப்பிட்டால் போவார்.

கோர்ட் வாசலில் கூடாரம் குறைந்துகொண்டே வருகிறது. நேற்று வண்டியில் பெட்டி ஏற்றினார்கள்.

போன கடிதத்தில், உங்கள் வசனம் வேண்டாம் என்று எழுதியவள் நான்தான். இப்போது எழுதுகிறேன்: உங்கள் பழைய குரலில் ஒரு கடிதம் வேண்டும். சூப்பு வேண்டும், செனட்டர் வேண்டும், நீங்கள் நாட்டை ஆள வேண்டும். அவர் பெயருக்கு எழுதுங்கள். என்ன எழுதுவீர்களோ தெரியாது, அவர் தலைநிமிர்ந்து படகேறுகிற மாதிரி எழுதுங்கள்.

சீக்கிரம்.

டெல்ஃபின்


வாஷிங்டன்
ஏப்ரல் 5

மேன்மைமிகு மாப்பிள்ளை ப்ராஸ்பருக்கு,

முன்கடிதம் வறட்சியாக இருந்ததாகக் கேள்வி. அன்றைக்குக் கடுமையான ஜலதோஷம். ஜனாதிபதியின் சொந்த வைத்தியரே வந்து என் நாடியைப் பிடித்து, "இந்த ஆள் படுத்துட்டா அரசாங்கத்துல யார் பரிமாறுறது?" என்று கலங்கிப்போனார். இப்போது பரவாயில்லை.

உட்கார்ந்து வாசியும். நின்றுகொண்டு வாசிக்கிற சமாசாரம் இல்லை இது.

திங்கட்கிழமை மதியம், ஆமைச் சூப்புக்கும் ஆட்டுத்தொடைக்கும் நடுவில், பெரிய மனுஷர் ஒருவர் (பேர் எழுதக்கூடாது, கோட்டுப் பொத்தானெல்லாம் தங்கம்) மேஜையைத் தட்டினார். "லூசியானாக் கொலைகளைப் பத்தி மறுபடி ஒரு கமிட்டி போடணும். ஆனா சாட்சி சொல்ற தைரியம் எவனுக்கு இருக்கு?" நான் ஆட்டுத்தொடையைக் கீழே வைத்தேன். நானாக வாய் திறந்ததில்லை என்பது உமக்குத் தெரியும். "ஐயா, எனக்கு ஒருத்தரைத் தெரியும். குதிரையோட குளம்பைப் பாத்து ஆளைச் சொல்லுவார்" என்றேன்.

பெரிய மனுஷர் துள்ளி எழுந்தார். "யாருய்யா அந்த லாடக்காரன்? அவனைத்தான நாங்க தேடிக்கிட்டு இருக்கோம்! உடனே வரச்சொல்லு. பெண்டாட்டி குழந்தையோட வரட்டும், எத்தனை நாள் விசாரணை நடக்குமோ யாருக்குத் தெரியும்."

ஆகவே நீர் வர வேண்டியது. இது அழைப்பு, நாடு விடுக்கிற அழைப்பு. ஏப்ரல் முடிவதற்குள் படகேற வேண்டும், பிந்தினால் கமிட்டி கோபித்துக்கொள்ளும். ஆறு பெயரையும் வரிசையாகச் சொல்லிப் பழகும். நல்ல கோட்டு எடுத்துவாரும். பட்டறையைப் பூட்டி, அவசரமாக வாஷிங்டன் போகிறேன் என்று ஊரில் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிட்டே வாரும்.

மற்றவை நேரில்.

எராஸ்மஸ் டாலிவர்
தலைமைப் பரிசாரகர்


கெய்ரோ, இல்லினாய்ஸ்
ஏப்ரல் 29

மாமா,

படகுத்துறையிலிருந்து எழுதுகிறேன். ஒஹையோ ஆற்றுப் படகு சாயங்காலம்தான். குழந்தை தூங்குகிறாள். ப்ராஸ்பர் ரொட்டி வாங்கப் போயிருக்கிறார், அதற்குள் எழுதிவிட வேண்டும்.

உங்கள் கடிதம் வந்த அன்றே கோயிலில் வாசித்தார். ஆட்டுத்தொடை வந்ததும், "இது டாலிவர்! இதுதான்யா டாலிவர்!" என்று கத்தினார். நீங்கள் சொன்னபடியே நெஞ்சை நிமிர்த்தி ஊரெல்லாம் சொன்னார். ஹார்கிரேவ் கடைத்தெருவில் நிறுத்தி, "வாஷிங்டனா? எதுக்கு?" என்று கேட்டார். "நாடு கூப்பிடுது ஐயா" என்றார் என் புருஷன். அந்த வார்த்தையைக் கேட்டு ஹார்கிரேவ் ஒரு நிமிஷம் தயங்கினார். அந்தத் தயக்கத்தில் நாங்கள் படகேறிவிட்டோம்.

நாங்கள் கிளம்பிய மூன்றாம் நாள் கோர்ட் வாசலில் கடைசிக் கூடாரத்தையும் பிரித்தார்களாம். அன்று ராத்திரியே குதிரைகள் எங்கள் வீட்டுக்கு வந்தன. பட்டறை, வீடு, மேற்கு வயலோரம் கொட்டகை, எல்லாம் போயிற்று. பின்னால் வந்த படகின் சமையல்காரர் விக்ஸ்பர்க்கில் சொன்னார். உங்கள் இரண்டாவது கடிதத்தைக் கேட்டு மூட்டையைப் பிரித்தவர்களில் ஒரு குடும்பம் சதுப்புக்காட்டில் ஒளிந்திருக்கிறதாம். இன்னொன்றைப் பற்றி அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ப்ராஸ்பர் அதைக் கேட்டு அழவில்லை. "இதையும் சொல்லுவேன். ஆறு பேரோட சேத்து இதையும் கமிட்டில சொல்லுவேன்" என்றார்.

அதுதான் மாமா இப்போது என் கவலை. தினம் மேல்தட்டில் நின்று, நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு, சொல்லிப் பழகுகிறார். "எம்பேரு ப்ராஸ்பர் டுகே. லாடக்காரன். நவம்பர் மாசம் ஒண்ணாந்தேதி ராத்திரி..." யாராவது பார்த்தால் நிறுத்துவதில்லை. பக்கத்துப் பயணி ஒருவர், "என்னப்பா, நாடகமா?" என்றார். "இல்லங்க, கமிட்டி" என்றார் பெருமையாக.

பத்து நாளில் உங்கள் முன்னால் வந்து நிற்பார். "எங்கே கமிட்டி?" என்று கேட்பார்.

உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தீர்கள். அதற்கு நான் ஆயுசுக்கும் கடமைப்பட்டவள். ஆனால் அந்த மனுஷன் பேசப்போகிற இடத்தில் யார் உட்கார்ந்திருப்பார்கள் மாமா? இதற்குப் பதிலை பிட்ஸ்பர்க் தபால் ஆபீஸுக்கு எழுதுங்கள், என் பெயருக்கு.

வருகிறார். நிறுத்துகிறேன்.

டெல்ஃபின்


வாஷிங்டன்
மே 4

மருமகளே,

உன் கடிதம் கிடைத்த அன்றே தொப்பியை எடுத்துக்கொண்டு காங்கிரஸ் மாளிகைக்குப் போனேன். பின்வாசல் வழியாக இல்லை. முன்வாசல் படியேறிப் போனேன். நம் கட்சி மெம்பர்களின் அறைக் கதவுகளைத் தட்டினேன். பாதிப்பேர் ஊருக்குப் போயிருந்தார்கள். இருந்தவர்கள் எழுதிக்கொடு என்றார்கள். கடைசியில் ஒரு குமாஸ்தா, சின்ன வயசு, நல்ல பையன்தான், நான் பரிமாறி அவன் சாப்பிட்டிருக்கிறான். பேனாவைக் காதில் செருகிக்கொண்டு சொன்னான்: "பெரியவரே, அந்தக் கமிட்டியெல்லாம் கலைச்சாச்சு. நாடு சமாதானமாயிடுச்சு. பேப்பர் பாக்கலையா?"

பார்த்தேன் என்றேன்.

"இன்னும் எதுக்கு அந்தப் பழங்கதை? ரெண்டு பக்கமும் கைகுலுக்கியாச்சு."

அந்தக் கைகுலுக்கலை நான் பார்த்திருக்கிறேன் டெல்ஃபின். இரண்டு கைக்கும் நடுவில் ஒரு விரற்கடை இடம் இருந்தது. அப்போது அதை நான் கவனிக்கவில்லை. அனத்தோல் அதற்குள்தான் இருந்திருக்கிறான். ஐம்பதாம் வருஷம் உன் அம்மாவும் அதற்குள்தான் இருந்தாள்.

அன்று சாயங்காலம் ஒரு கனவானுக்குச் சூப்பை மடியில் கொட்டிவிட்டேன். வேண்டுமென்றா என்று கேட்காதே. என்னைத் தனியறையிலிருந்து எடுத்துவிட்டார்கள், கீழே காலைச் சாப்பாட்டுக்குப் போட்டிருக்கிறார்கள். இதில் ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை.

இப்போது கேள். எங்கள் மாதாகோயில் பாதிரியாரிடம் பேசிவிட்டேன். வியாழக்கிழமை ஜெபம் முடிந்ததும் கூடத்தைத் தருகிறார். சுருக்கெழுத்து தெரிந்த நம்மவர் ஒருவர் வந்து சொல்வதை எல்லாம் எடுத்துக்கொள்வார். நம்மவர்கள் நடத்துகிற வாரப் பத்திரிகையில் போடுவார்கள். பரிசாரகர்கள், சமையல்காரர்கள், சலவைக்காரிகள், வண்டிக்காரர்கள் வருவார்கள். இரண்டு பள்ளிக்கூட வாத்தியார்களும் வருவார்கள். இது கமிட்டி இல்லை. இதற்கு ஹார்கிரேவின் மயிரைக்கூடப் பிடுங்குகிற அதிகாரம் கிடையாது. அதை மறைத்து மாப்பிள்ளையைக் கூடத்தில் ஏற்றமாட்டேன்.

ரயிலடியிலேயே சொல்லிவிடுவேன். கோட்டுப் பொத்தானைக் கழற்றுவதற்கு முன்னால், நானே, என் வாயால். நீ எதுவும் சொல்லாதே. நீ கேட்டு எழுதின கடிதம் அது என்று அவருக்குத் தெரிய வேண்டாம். பொய் என் தொழில் என்று ஊருக்கே தெரியும். அந்தக் கணக்கிலேயே இதுவும் போகட்டும்.

அவர் என்னை அடித்தால் நடுவில் வராதே. லாடம் அடித்த கை, தெரியும். என் தாடையும் சாதாரணத் தாடை இல்லை. மெக்சிகோ யுத்தத்துத் தளபதி ஒருவர் ஒருதடவை இதில் குத்திவிட்டு ஆறு மாசம் கையைத் தொட்டில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்.

அடிக்கட்டும். ஆத்திரம் தீர அடிக்கட்டும். அதற்கப்புறம் கோட்டைச் சரிசெய்துகொண்டு என்னோடு வந்து, ஆறு பெயரையும் சொல்லட்டும்.

உன் மாமன்,
எராஸ்மஸ்